சூளையில் வாய் திறக்காத பானை

பால் விடாத இந்தக் கோப்பி-ஓ இன்னும் சற்று ஆறட்டும், இன்ஸ்பெக்டர். நான் எதையும் சூடாகக் குடிப்பதில்லை. குவளையின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்து, அது சம்மதித்த பிறகுதான் வாயருகே கொண்டுபோவேன். தோலைவிட நம்பகமான கருவி ஒன்றை மனிதன் இதுவரை செய்ததில்லை. செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டவர்களைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். செல்லாயியின் மரணத்துக்குக் காரணம் இயந்திரக் கோளாறு என்று மருத்துவமனையின் விசாரணைக் குழு முடிவு கட்டியிருக்கிறது. இயந்திரத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று வால்டரை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். வால்டருக்காக இரங்கி நான் வந்ததாக நினைக்க வேண்டாம். அவன் ஓர் அலட்டல்காரன். ஆனால் இயந்திரத்தில் கோளாறு எதுவும் இருக்கவில்லை. அது தனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே நம்பி, தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் நான். தவறான விடைக்கு அருகே சரி என்ற குறியைப் பார்த்துக்கொண்டு என்னால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

என் பெயர் பரஞ்சோதி. பாடாங் மேஹாப் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வுபெற்றேன். பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பாடம் நடத்தும் வாத்தியார் என்று அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. நரியும் நண்டும் கொக்கும் இல்லாமல் நான் கணக்குப் பாடம்கூட நடத்தியதில்லை. மனைவி ஜோசபின் காலமான பிறகு, தேவாலயத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கலாமென்று அலோர் ஸ்டாருக்கு வந்தேன். மிஷன் மருத்துவமனையில் டாக்டர் ஹெர்பர்ட்டுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை என்று பாதிரியார் சொன்னார். எண்பத்து மூன்றாம் ஆண்டில் அது.

டாக்டர் ஹெர்பர்ட் நம்மவர்தான். ஆனால் ஆங்கிலப் பள்ளி, பிறகு அயல்நாட்டுப் படிப்பு. தோசை வாங்கும் அளவுக்குத் தமிழ் தெரியும். வலியைக் கேட்டு வாங்கும் அளவுக்குத் தெரியாது. அவர் கொண்டுவந்திருந்த வைத்தியம் சூட்டு வைத்தியம். பினாங்கில் கதிர்ச் சிகிச்சைக்கும் அடங்காத புற்றுக்கட்டிகளைச் சூடேற்றிச் சாகடிப்பது. காதுக்குக் கேட்காத ஒலியை ஒரு வட்டத் தகடு கட்டிக்குள் அனுப்பும். ஒலி உள்ளே போய்ச் சூடாக மாறும். நாற்பத்து மூன்று டிகிரி வேண்டும். குறைந்தால் கட்டி சாகாது. கூடினால் நல்ல சதை வெந்துபோகும். தோல் கருகாமலிருக்கத் தகட்டுக்கும் உடம்புக்கும் நடுவே குளிர்ந்த தண்ணீர்ப்பை ஒன்று இருக்கும். கட்டிக்குள் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, அதற்குள் தலைமயிர் போன்ற ஒரு கம்பியை விடுவார்கள். அதன் நுனி எங்கே இருக்கிறதோ, அந்த இடத்துச் சூட்டை அது சொல்லும். அந்த இடத்தை மட்டும்தான் சொல்லும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஆரம்பத்தில் டாக்டரே ஒரு குமிழைத் திருகிச் சூட்டைக் கூட்டுவார், குறைப்பார். நான் நோயாளியின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். கையைப் பிடித்துக்கொண்டு கதை சொல்வேன். நடுநடுவே, எப்படி இருக்கிறது என்று கேட்டு டாக்டருக்குச் சொல்வேன். கேட்பது எளிது என்று நினைக்காதீர்கள். நீங்கள் டவுனில் வளர்ந்தவர். தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரசரின் முன்னால் வரிசையில் நின்றிருக்க மாட்டீர்கள். வலிக்கிறது என்று சொன்னவளை டிரசர் சோம்பேறி என்பான். அன்றைய பேரும், அதாவது ஒருநாள் கூலியும், போய்விடும். அதனால் ரப்பர்ப் பால்மரம் சீவும் எங்கள் பெண்கள் சட்டை போட்ட யாரைக் கண்டாலும் ஒரே பதில்தான் வைத்திருப்பார்கள்: "ஒன்னுமில்லீங்கையா." கால் ஒடிந்து கிடந்தாலும் அதுதான் பதில். டாக்டர் ஹெர்பர்ட் அந்தப் பதிலை நம்பக்கூடியவர். நான் அவர்கள் வாயைப் பார்ப்பதில்லை, கால் விரல்களைப் பார்ப்பேன். சூடு பொறுக்காதபோது கால் விரல்கள் மடங்கும். அப்போது நான் கையை உயர்த்துவேன். டாக்டர் குமிழைத் திருப்புவார்.

அதில் ஒன்றைக் கவனித்தேன். விரல்கள் மடங்கத் தொடங்கியதுமே கையை உயர்த்தினால், டாக்டர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே குமிழைத் திருப்பிவிடுவார். சற்றுப் பொறுத்து, நோயாளியின் நெற்றியில் வியர்வை துளிர்த்த பிறகு உயர்த்தினால், அவர் எழுந்து வந்து பார்ப்பார். "தேங்க் காட், நீங்க இருந்தீங்க மிஸ்டர் பரஞ்சோதி" என்பார். ஆகவே நான் சற்றுப் பொறுக்கலானேன். ஒரு சொல்லுக்குரிய மதிப்பு அது சொல்லப்படும் நேரத்தில் இருக்கிறது. பின்னால் ஒன்றிரண்டு பேருக்குக் கொப்புளம் வந்தது உண்மை. சிறிய கொப்புளங்கள். அவர்களே வந்து எனக்கு மாம்பழமும் முறுக்கும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எண்பத்தைந்தில் அந்தப் பெட்டி வந்தது.

அதோடு வந்தவன் வால்டர். கோலாலம்பூரில் ஏதோ பயிற்சி பெற்றவன். சட்டைப்பையில் மூன்று பேனா. பெட்டி என்ன செய்யுமென்றால், கம்பி சொல்லும் சூட்டைத் தானே கேட்டு, ஒலியைத் தானே கூட்டித் தானே குறைத்து, நாற்பத்து மூன்றிலேயே நிறுத்தி வைக்கும். குமிழும் வேண்டாம், திருப்பும் கையும் வேண்டாம். தலைமாட்டில் நாற்காலியும் வேண்டாம். நோயாளியின் கையில் ஒரு பொத்தான் கொடுத்துவிடுவார்கள். பொறுக்கவில்லை என்றால் அழுத்த வேண்டும், ஒலி நின்றுவிடும்.

"இனிமே உங்களுக்கு ரெஸ்ட்தான் சார்," என்றான் வால்டர். "பொட்டிய தட்டி விட்டுட்டு நாம கன்டீன்ல போயி மீ கோரெங் சாப்பிடலாம் லா. அது பார்த்துக்கும்."

"அது எதைக் கொண்டு பார்க்கும்?" என்று கேட்டேன்.

"கம்பி இருக்கே சார். மனுசன் பொய் சொல்லுவான், கம்பி சொல்லாது."

என்னைப் பார்த்துச் சொன்னான். நான் பொய் சொன்னேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. வாய் கொழுத்துச் சொன்ன வார்த்தைதான்.

எனக்கு ஒரு பிரிவுபசாரம் நடத்தினார்கள். கேக் வெட்டி, ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்து, இனி வெளிநோயாளிகள் பகுதியில் பெஞ்சில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் கதை சொல்லலாம் என்றார்கள். அந்தப் பிரிவுபசாரத்தில் நான் டாக்டருக்கு ஒரு கதை சொன்னேன். ஓர் அரசனுக்குத் தோல் மரத்துப்போய்விட்டது. குளிரும் வெயிலும் தெரியாது. தோளில் ஒரு கிளியை வைத்துக்கொண்டான். கிளி குளிர்கிறது என்றால் விறகு அடுக்கச் சொல்வான். சுடுகிறது என்றால் தணிக்கச் சொல்வான். நாடே அவன் அறிவைப் புகழ்ந்தது. ஒருநாள் கிளி பறந்துபோய்ச் சாளரத்தில் உட்கார்ந்தது. வெளியே மழை. கிளி உண்மையைத்தான் சொன்னது: குளிர்கிறது. அரசன் விறகு அடுக்கச் சொன்னான். மறுபடியும் அடுக்கச் சொன்னான். அரண்மனை சாம்பலாகும் வரையில் கிளி ஒரு பொய்யும் சொல்லவில்லை.

"வெரி நைஸ் ஸ்டோரி," என்றார் டாக்டர் ஹெர்பர்ட். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என்ன நடக்கப்போகிறது என்பதை நான் மறைக்கவில்லை, இன்ஸ்பெக்டர். கேட்கத் தெரிந்தவருக்கு அன்றே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

இனி செல்லாயி. அவள் என் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரையில் படித்தவள். பிறகு பால்மரம். வெற்றிலை, புகையிலை, அதன் பலனாகக் கன்னத்துக்குள் புற்று. அதை அறுத்து எடுத்த பிறகு கழுத்தில் ஒரு கட்டி. கோழிமுட்டை அளவு இருந்தது. அதை மறைக்க எந்த வெயிலிலும் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு போட்டிருப்பாள். அவள் மகள் நவமணி சுங்கைப் பட்டாணியில் ஒரு மின்கருவித் தொழிற்சாலையில் வேலை செய்தாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். செல்லாயிக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் துண்டில்லாமல் நிற்க வேண்டும். உயிரைப் பற்றிப் பேசவே மாட்டாள். துண்டைப் பற்றித்தான் பேசுவாள்.

அவளுக்கு முதலில் பெட்டியோடுதான் சிகிச்சை நடந்தது. நான் இல்லாமல். கட்டி பாதியாகக் கரைந்தது. தோலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. வால்டர் மருத்துவமனை முழுவதும் அவளை அழைத்துப்போய்க் காட்டினான், மாட்டுச் சந்தையில் காட்டுவதுபோல. "தொட்டுப் பாருங்க சார், தொட்டுப் பாருங்க," என்று என்னிடமும் கொண்டுவந்தான். தொட்டுப் பார்த்தேன். கரைந்துதான் இருந்தது. எனக்குப் பொறாமை என்று நீங்கள் எழுதக்கூடும். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் நினைத்தது, தோல் இல்லாத ஒன்றை நம்பி இத்தனை பேர் படுக்கப்போகிறார்களே என்பதைத்தான். ஒரு பாடம் நடத்த வேண்டும் என்று முடிவு செய்தேன். சிறிய பாடம். பெட்டியைச் சற்றுத் தடுமாற வைப்பது. செல்லாயியின் கால் விரல்கள் மடங்குவது. நான் கையை உயர்த்துவது. டாக்டர் ஹெர்பர்ட் திரும்பிப் பார்ப்பார். அதற்கு மேல் என் திட்டத்தில் ஒன்றும் இல்லை.

அடுத்த முறை அவள் படுத்திருந்தபோது அறைக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"சார், வந்துட்டீங்களா! நீங்க பக்கத்துல இருந்தா எனக்கு ஒரு பயமும் இல்ல சார். இந்தத் தம்பி நல்ல தம்பிதான், ஆனா கதை சொல்லத் தெரியாது."

"கதை சொல்லத்தான் வந்தேன்," என்றேன். வால்டர் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டான். டாக்டர் கம்பியைச் செருகி முடித்துவிட்டுக் கை கழுவப் போயிருந்தார். வால்டர் பெட்டியின் பக்கம் திரும்பினான். நான் செல்லாயியின் போர்வையை ஒழுங்குபடுத்தினேன். அப்படியே குழாய்க்குள்ளிருந்து கம்பியை மெல்ல, ஒரு விரல்கணு அளவு, வெளியே இழுத்துப் பிளாஸ்திரியை மறுபடி ஒட்டினேன். எத்தனையோ முறை டாக்டருக்கு நானே ஒட்டிக்கொடுத்த பிளாஸ்திரிதான். நுனி இப்போது கட்டிக்குள் இல்லை. தோலுக்குச் சற்றுக் கீழே, குளிர்ந்த தண்ணீர்ப்பைக்கு அடியில் இருந்தது. கிளி சாளரத்தில் உட்கார்ந்துவிட்டது.

பொத்தானை அவள் கையிலிருந்து நான் பிடுங்கவில்லை. விசாரணையில் யாராவது அப்படிச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அவள் கையை என் கைக்குள் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். பொத்தான் படுக்கையில் அவள் இடுப்போரமாகவே கிடந்தது. பிறகு, மூன்றாம் வகுப்பில் அவளுக்குச் சொன்ன கதையையே சொன்னேன். குயவன் சூளையில் இரண்டு பானைகள். ஒன்று, சுடுகிறதே என்று வாய் திறந்து அழுதது. இரக்கப்பட்டுக் குயவன் அதை வெளியே எடுத்துவிட்டான். மறுநாள் மழையில் அது மண்ணாய்க் கரைந்தது. மற்றது...

"வாய் திறக்காத பானையிலதான சார் கோயில்ல பொங்க வெச்சாங்க," என்றாள் செல்லாயி. முப்பது ஆண்டுக்குப் பிறகும் மறக்கவில்லை. நல்ல மாணவி.

"சூடு உறைத்தால் நோய் சாகிறது என்று அர்த்தம், செல்லாயி," என்றேன்.

பெட்டி வேலையைத் தொடங்கியது. கம்பி முப்பத்தொன்பது என்றது. பெட்டி ஒலியைக் கூட்டியது. கம்பி நாற்பதை நெருங்கவே தயங்கியது. பெட்டி மேலும் கூட்டியது. டாக்டர் வந்து, ஒலியின் அளவைக் காட்டும் பெட்டியின் முள்ளைப் பார்த்தார். "ஏன் இவ்வளவு பவர்?" என்று கேட்டார்.

அப்போது வால்டர் சொன்ன பதிலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "கட்டி சுருங்கிடுச்சு டாக்டர், ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. ரத்தம் சூட்டத் தூக்கிட்டுப் போயிடுது. அதான் பொட்டி ஜாஸ்தி தள்ளுது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமா வேலை செய்யுது பாருங்க!"

டாக்டர் தலையசைத்தார். படித்தவர்களின் பேதைமைக்கு எப்போதும் ஒரு காரணம் தயாராக இருக்கும். அவர்கள் இருவரும் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், புதுக் காரின் வேகமானியைப் பார்ப்பவர்கள்போல. கட்டிலில் படுத்திருப்பவளை ஒருவரும் பார்க்கவில்லை.

செல்லாயியின் கால் விரல்கள் மடங்கின. நான் பார்த்தேன். நெற்றியில் வியர்வை வந்தது, பார்த்தேன். கை என் கைக்குள் இறுகியது. என் மோதிரம் விரலில் பதிந்தது. நான் கையை உயர்த்துவதற்கான நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் யாரும் என் பக்கம் திரும்பவில்லை. இரண்டு ஆண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். எப்படி இருக்கிறது என்று ஒரு மரியாதைக்காவது கேட்கலாம் அல்லவா? கேட்டால் சொல்வதென்று காத்திருந்தேன். கேட்கும் வரையில் சொல்வதில்லை என்றும் முடிவு செய்தேன். வாத்தியார் வேலையில் இதுதான் முக்கியமான பழக்கம்: கேள்வி வருவதற்கு முன்னால் விடையைச் சொல்லிவிட்டால் யாரும் கற்றுக்கொள்வதில்லை.

குறித்த நேரம் முடிந்து பெட்டி தானாக நின்றது. தண்ணீர்ப்பையை எடுத்தார்கள். கீழே தோல் குளிர்ந்து, சுத்தமாக, ஒரு சிவப்புக்கூட இல்லாமல் இருந்தது. வெந்ததெல்லாம் உள்ளே. வால்டர் கம்பியை உருவித் துடைத்து வைத்துவிட்டான். அதன் நுனி எங்கே இருந்தது என்று பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. மனிதன் பொய் சொல்வான், கம்பி சொல்லாது அல்லவா?

"எப்படிம்மா இருக்கு?" என்று டாக்டர் தன் தோசைத் தமிழில் அவளைக் கேட்டார்.

"ஒன்னுமில்லீங்கையா," என்றாள்.

அவர் நம்பினார். நான் எதிர்பார்த்தது அதுதான். அன்று சாயங்காலம் வழக்கம்போல் ஜெபமாலைக்குப் போனேன்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் நான் வார்டுக்குப் போய் அவளைப் பார்த்தேன். கஞ்சி விழுங்க முடியவில்லை. கழுத்துக்குள் கனல் இருப்பதுபோல் இருக்கிறது என்று என்னிடம் மட்டும் சொன்னாள். "டாக்டர்ட சொல்லாதீங்க சார், மருந்த நிறுத்திப்புடுவாரு. தைக்குள்ள கரையணும்." நான் சொல்லவில்லை. ஒருவர் நம்பிச் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோகும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அந்த வாரக் கடைசியில் தோல் கறுத்தது. பிறகு திறந்துகொண்டது. உள்ளே பெரிய ரத்தக்குழாயின் சுவர் வெந்து அழுகியிருந்ததாம். ஒரு காலையில், நவமணி தலைசீவிவிட்டுக்கொண்டிருக்கும்போதே அது உடைந்தது. டாக்டர் ஓடிவந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்குப் போனேன். தோட்டமே வந்திருந்தது. கழுத்தில் துண்டு போட்டுத்தான் கிடத்தியிருந்தார்கள். நவமணி என் காலில் விழுந்தாள். "அம்மா கடைசி வரைக்கும் உங்களத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க சார். சார் கையப் பிடிச்சிருந்தாரு, அதான் தாங்க முடிஞ்சுதுன்னு." அவளைத் தூக்கி நிறுத்தி ஆறுதல் சொன்னேன். என் கண்ணும் கலங்கியது. நான் கல்நெஞ்சன் அல்லன்.

பாடம் நடந்துவிட்டது, இனியாவது உணர்வார்கள் என்று காத்திருந்தேன். என்னை மறுபடி அழைப்பார்கள் என்று நினைத்தேன். என்ன செய்தார்கள் தெரியுமா? பெட்டியில் கோளாறு என்று எழுதி, வேறு பெட்டிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதில் இரண்டு கம்பியாம். இரண்டு! ஒரு கிளி ஏமாற்றியதால் அரசன் இரண்டு கிளி வாங்குகிறான். டாக்டர் ஹெர்பர்ட் வெளிநோயாளிப் பகுதி வழியாகப் போகும்போது, பிள்ளைகள் நடுவே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் இங்கே வருவதென்று தீர்மானித்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கம்பியை இழுத்தவன் நான். பிளாஸ்திரியை ஒட்டியவன் நான். அவள் வேகும்போது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். இதில் எதையும் மறுக்கமாட்டேன். எழுதி முடித்ததும் ஒருமுறை என்னிடம் காட்டுங்கள். பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன்.

ஆனால் கொலை என்ற சொல்லைப் போடுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். அந்த அறையில் யாராவது ஒருவர் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்தக் கணமே நிறுத்தச் சொல்லியிருப்பேன். அவள் தை மாதம் துண்டில்லாமல் நின்றிருப்பாள். ஒருவரும் கேட்கவில்லை. செல்லாயி கேட்டாள்தான். "போதுமா சார்?" என்று மெல்லிய குரலில் இரண்டு தடவை கேட்டாள், இன்னும் கொஞ்சம் என்று நானும் பதில் சொன்னேன். நான் சொல்வது, கேட்க வேண்டியவர்களைப் பற்றி.

கோப்பி ஆறிவிட்டது. இப்போது குடிக்கலாம்.